ஒரே லூகரில் 1917, 1920 என இரண்டு ஆண்டுகள்: எது பிறப்பு, எது பழுதுபார்ப்பு?

மார்ச் 2: கேள்வி

என் மனைவியின் தாத்தா 1945-இல் ஜெர்மனியில் போர் முடிந்தபோது கொண்டுவந்த லூகர் கைத்துப்பாக்கி இப்போது எங்கள் பொறுப்புக்கு வந்திருக்கிறது. தோட்டா அறைக்கு மேலே 1917, 1920 என இரண்டு ஆண்டுகள் பொறிக்கப்பட்டுள்ளன. மேலே மடிந்து எழும் பாகத்தில் டி.டபிள்யூ.எம். என்னும் எழுத்துகள் பின்னிப் பிணைந்த அடையாளமாக உள்ளன. 1917-இல் செய்து 1920-இல் தொழிற்சாலைக்கு அனுப்பிப் புதுப்பித்தது என்றும், அதனால்தான் நிறம் இவ்வளவு புதிதாக இருக்கிறது என்றும் ஒரு வியாபாரி சொன்னார். இது சரியா?

மார்ச் 3

முதலில் ஒன்று. படம் எடுப்பதற்கு முன் மேகசினை (தோட்டாக்கள் அடங்கிய பெட்டியை) கழற்றிவிட்டு, அறையில் தோட்டா இல்லை என்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். தோட்டா அறையில் இருந்தால் தோட்டாவை இழுக்கும் கொக்கி சற்றே மேலெழுந்து நிற்கும், அதன் பக்கத்தில் ‘கெலாடன்’ (தோட்டா ஏற்றப்பட்டது) என்று எழுதியிருக்கும். ஆனால் நூறு ஆண்டுப் பொருளில் கொக்கியின் வில் தளர்ந்திருக்கக்கூடும் என்பதால் அதை மட்டும் நம்பக் கூடாது.

கேள்விக்கு வருகிறேன். 1917 என்பது செய்த ஆண்டு. டி.டபிள்யூ.எம். என்பது பெர்லினில் இருந்த டாய்ச்ச வாஃபன் உண்ட் முனிட்சியோன்ஸ்ஃபாப்ரிகன் நிறுவனம். ஹூகோ போர்ச்சார்ட்டின் 1893-ஆம் ஆண்டுக் கைத்துப்பாக்கியைக் கியோர்க் லூகர் திருத்தி அமைத்த வடிவத்தை முதலில் உற்பத்தி செய்தது இந்நிறுவனமே. சுவிட்சர்லாந்து 1900-இலும், ஜெர்மானியக் கடற்படை 1904-இலும், தரைப்படை 1908-இலும் அதை ஏற்றுக்கொண்டன. இதுவரை வியாபாரி சொன்னதில் பிழையில்லை.

1920 என்பது பழுதுபார்த்த ஆண்டன்று, அது உடைமை முத்திரை. முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியின் படைபலத்தைக் கட்டுப்படுத்திய வெர்சாய் உடன்படிக்கை 1920 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. போர்முனையிலிருந்து திரும்பிய படைவீரர்களிடமும் தன்னார்வப் படைகளிடமும் எண்ணற்ற ஆயுதங்கள் தங்கிவிட்டிருந்தன. அதே ஆண்டு ஆகஸ்ட் 7-இல் பொதுமக்களிடமிருந்து ஆயுதங்களைத் திரும்பப் பெறும் சட்டம் வந்தது. அந்தச் சூழலில் எது அரசுக்கு உரியது, எது கள்ளத்தனமாக வெளியே இருப்பது என்று பிரித்தறிய வேண்டியிருந்ததால், அரசின் கையிருப்பில் உள்ள ஆயுதங்கள்மீது 1920 என்று அடித்தார்கள். இப்படி இரண்டு ஆண்டுகள் கொண்ட லூகர்கள் ஏராளமாக உள்ளன. அந்த எண்ணுக்காக எவரும் குழலை மாற்றவில்லை, நிறத்தைத் தொடவில்லை.

ஆகவே புதிய நிறத்துக்கு 1920 காரணமாக முடியாது. அதற்கான சான்றை உலோகத்திலேயே தேட வேண்டும்.

மார்ச் 4

நிறத்தைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன். இந்த வேலையின் முக்கால் பங்கு அதில்தான் இருக்கிறது.

நான் இளமையில் கோவையில் ஒரு கருவித் தொழிற்கூடத்தில் பயின்றேன். எரிசோடாவும் நைட்ரேட்டும் கலந்த கரைசலை ஏறத்தாழ 140 பாகை செல்சியசுக்குச் சூடாக்கி, அதில் எஃகுப் பாகங்களை மூழ்கவைத்துக் கறுப்பாக்குவோம். பட்டறையில் அதற்குப் ‘பிளாக்கோடைசிங்’ என்று பெயர். கரைசல் எங்கெல்லாம் புகுமோ அங்கெல்லாம் நிறம் ஏறும். துளைக்குள், மடிப்புக்குள், உட்சுவரில் என எதுவும் தப்பாது. பிற்காலத்தில் அமெரிக்காவில் பழைய துப்பாக்கிகளைக் காணத் தொடங்கியபோது எனக்கு முதலில் கைகொடுத்தது அந்த அறிவுதான்.

1917-இல் டி.டபிள்யூ.எம். இந்த முறையைப் பயன்படுத்தவில்லை. மெருகிட்ட எஃகின்மேல் அமிலக் கரைசலைத் தடவி, ஈரமான அறையில் மெல்லத் துருப்பிடிக்க விட்டு, கொதிநீரில் இட்டால் செந்துரு கறுப்பு ஆக்சைடாக மாறும். அதைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, மீண்டும் மீண்டும் அதையே செய்வார்கள். அதில் கிடைப்பது சாம்பல் கலந்த ஆழ்ந்த நீலம். தடவிய இடத்தில் மட்டுமே நிறம் ஏறுவதால் ஃபிரேமின் (பிடியோடு சேர்ந்த அடிச்சட்டத்தின்) உட்புறம் வெள்ளை எஃகாகவே நிற்கும். விசை, பாதுகாப்பு நெம்புகோல், மேகசின் பொத்தான், கழற்று நெம்புகோல் போன்ற சிறு பாகங்களுக்கு நீலமே இல்லை. அவற்றைச் சூடேற்றி, எஃகில் பொன்மஞ்சள் படலம் தோன்றும் நிலையில் நிறுத்திவிடுவார்கள். சேகரிப்பாளர்கள் அதை வைக்கோல் நிறம் என்கிறார்கள். ஓபர்ன்டார்ஃபில் மவுசர் நிறுவனம் லூகரைத் தயாரித்துவந்த காலத்தில், 1937-இல், உப்புக் குளியலுக்கு, அதாவது மேலே நான் சொன்ன சூடான கரைசல் முறைக்கு, மாறினார்கள். அதன் பிறகே சிறு பாகங்களும் நீலமாயின.

எனவே 1917-ஆம் ஆண்டு லூகரின் விசை கறுநீலமாக இருந்தால் அது பின்னாளில் நிறமேற்றப்பட்டது என்று தயங்காமல் சொல்லலாம். உங்கள் படத்தில் விசை கறுநீலம்.

மார்ச் 4, இரவு

தேவையான படங்கள்: வலப்பக்க ரிசீவர் (குழலைத் தாங்கும் மேற்பகுதி), குழலின் அடிப்பகுதி, பிடியின் முன்பட்டை, பிடிப்பலகைகளின் உட்புறம், மேகசினின் அடிக்கட்டை, மேற்பகுதியைக் கழற்றிய பின் ஃபிரேமின் உட்புறம். பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுங்கள். நேர்வெளிச்சத்தில் தேய்ந்த எழுத்துகள் தெரியமாட்டா. எதையும் எண்ணெய்த் துணியைத் தவிர வேறொன்றாலும் துடைக்காதீர்கள்.

மார்ச் 8

படங்கள் கிடைத்தன. பொறுமையாக எடுத்திருக்கிறீர்கள், நன்றி. நான் கண்டவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

வரிசை எண் நான்கு இலக்கமும் அதன்கீழ் சாய்ந்த சிறிய எஃப் எழுத்தும். படைக்கான லூகர்களில் ஒவ்வோர் ஆண்டும் எண் 1-இலிருந்து தொடங்கும். பத்தாயிரம் முடிந்ததும் ஏ சேர்த்து மீண்டும் 1, அதன் பின் பி என்று செல்லும். ஆகவே அந்த எழுத்து இல்லாமல் எண்ணை மட்டும் சொன்னால் அது எந்தத் துப்பாக்கி என்பதே தெரியாது. ஒரே எண் கொண்ட பல துப்பாக்கிகள் ஒரே ஆண்டில் பிறந்திருக்கின்றன.

குழலிலும் அதே எண்ணும் எழுத்தும் உள்ளன. அதனருகே 8,83 என்று இருக்கிறது. அது குழலின் உள்விட்டம், மில்லிமீட்டரில். ஜெர்மானியர் தசமப் புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளி இடுவர். குழல் பிறந்த இடத்திலேயே இருக்கிறது என்பதற்கு இது நல்ல சான்று.

சிறு பாகங்களில் வரிசை எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் இருக்க வேண்டும். உங்களுடையதில் இடப்புறத் தகடு ஒன்று மட்டும் வேறு எண் கொண்டது. அந்தத் தகடு கையால் கழன்று வருவது. பலர் ஒரே மேசையில் உட்கார்ந்து துப்பாக்கியைத் துடைக்கும்போது மாறிப்போகிற முதல் பாகம் அதுவே. அதை வைத்து ஐயப்பட வேண்டியதில்லை.

இனி வருத்தமான செய்தி. எஃகில் முத்திரை அடிக்கும்போது உலோகம் ஒதுங்கி, எழுத்தின் ஓரத்தில் மிகச் சிறிய வரப்பு எழும். விரல் நுனியால் வருடினால் அது தட்டுப்படும். நிறமேற்றிய பிறகு அடித்த முத்திரை என்றால் அந்த வரப்பைச் சுற்றி நீலம் சிதைந்து வெளிறிய வளையமாகத் தெரியும். சேகரிப்பாளர்கள் குழலிலுள்ள எண்ணைச் சுற்றி அந்த ஒளிவட்டம் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பார்கள். உங்கள் குழலில் வளையம் இல்லை, வரப்பும் இல்லை. எழுத்துகளின் பள்ளத்துக்குள்ளேயே கறுநீலம் சமமாகப் படிந்திருக்கிறது. வலப்பக்க ரிசீவரில் கிரீடத்தின்கீழ் எழுத்து வைத்த ஆய்வாளர் முத்திரைகள் மூன்றும், சோதனைக் கழுகும் மங்கிக் கிடக்கின்றன. கழுகின் சிறகு பாதிக்குமேல் அழிந்துவிட்டது. ஊசித்துளைகளின் விளிம்புகள் தட்டுப்போல உட்குழிந்துள்ளன. மின்விசையில் சுழலும் துணிச்சக்கரம் வைத்து மெருகேற்றியவர் விளிம்புகளைக் காக்கவில்லை.

மார்ச் 9

நேற்று எழுதியதை மறுபடி படித்தபோது ஒன்றைத் தனியே அழுத்திச் சொல்லத் தோன்றியது. மீண்டும் நிறமேற்றப்பட்டது என்பதும் எவரோ கெடுத்துவிட்டார் என்பதும் ஒன்றல்ல. படைக்கூடத்தில் முறையாகச் செய்த மறுசீரமைப்பு அந்தப் பொருளின் வரலாற்றில் ஒரு பகுதி. முதல் உலகப் போருக்குப் பிந்தைய வெய்மர் குடியரசுக் காலத்திலும் அதன் பிறகும் குழல் மாற்றினார்கள், எண் திருத்தினார்கள், நிறமும் ஏற்றினார்கள். அதே போன்ற உப்புக் குளியல் 1937-க்குப் பின் அரசுப் பட்டறைகளிலும் நடந்திருக்கலாம். ஆகவே உங்கள் ஃபிரேமின் உட்புறம் முழுதும் கறுத்திருப்பது ‘1937-க்கு முன்பு அன்று’ என்பதை மட்டுமே சொல்கிறது. யார் செய்தார் என்பதைச் சொல்லவில்லை. அதற்கு வேறு சான்று வேண்டும்.

மார்ச் 11

பிடியின் முன்பட்டையைப் பற்றிப் பலர் கேட்டிருக்கிறார்கள். அங்குதான் படைப்பிரிவின் முத்திரை இருக்கும். பேரரசுக் காலத்தில் 1909-ஆம் ஆண்டு விதிமுறைப்படி அடித்தார்கள். எடுத்துக்காட்டாக 10.ஆர்.5.23. என்றிருந்தால் 10-ஆம் காலாட்படை ரெஜிமென்ட், 5-ஆம் கம்பெனி, 23-ஆம் ஆயுதம். போருக்குப் பின் அமைந்த ஜெர்மானியப் படையான ரைக்ஸ்வேர் காலத்தில் இந்த ஒழுங்கு மாறியது. ஒன்றை மனத்தில் வைத்தால் போலிகளில் பாதியை அங்கேயே பிடித்துவிடலாம். வெர்சாய் விதித்த ஒரு லட்சம் பேர் கொண்ட படையில் காலாட்படை ரெஜிமென்ட்கள் 21, குதிரைப்படை ரெஜிமென்ட்கள் 18. அதற்கு மேற்பட்ட எண்ணுடன் ரைக்ஸ்வேர் காலாட்படை முத்திரை என்று எவரேனும் காட்டினால் விலை பேசுவதை நிறுத்திவிடலாம்.

உங்கள் துப்பாக்கியில் பேரரசுக் கால முத்திரை இல்லை. ஆனால் சாய்வெளிச்சப் படத்தில் எஸ் என்னும் எழுத்தும் அதன் பின் புள்ளியும், அதன் பின் பாதி அழிந்த எண்களும் தெரிகின்றன. எஸ் என்பது ஷுட்ஸ்போலிட்சாய், அதாவது சீருடைக் காவல்துறை. எல் என்றிருந்தால் கிராமப்புறக் காவலான லாண்டியேகெராய். ஆக, போருக்குப் பிறகு இது காவலர் ஒருவரின் இடுப்பில் இருந்திருக்கிறது. 1920 முத்திரையோடு இது நன்றாகப் பொருந்துகிறது.

உங்கள் மனைவியிடம் இதைச் சொல்லுங்கள். தாத்தா போர்க்களத்தில் எவரோ ஒரு படை அதிகாரியிடமிருந்து எடுத்தார் என்று குடும்பத்தில் சொல்லிவந்ததாக எழுதியிருந்தீர்கள். 1945-இல் அமெரிக்கப் படை ஊர்களைப் பிடித்தபோது காவல் நிலையங்களில் குவியலாக ஒப்படைக்கப்பட்டவற்றிலிருந்து எடுத்திருப்பதற்கும் வாய்ப்புண்டு. இரண்டில் எது என்பதை உலோகம் சொல்லாது.

மார்ச் 12

காவல்துறை என்றதும் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். லூகரில் அடிமுள்ளைப் பிடித்து நிறுத்தும் சியர் தகடு ரிசீவரின் இடப்பக்கத்தில் வெளிப்படையாக இருக்கும். இடப்புறத் தகட்டைக் கழற்றி மேற்பகுதியைக் கையில் எடுத்த பிறகும், அறையில் தோட்டா இருந்தால், அந்தச் சியரை அழுத்தினாலே வெடித்துவிடும். இந்த ஆபத்தைத் தடுக்க 1930-களின் தொடக்கத்தில் காவல்துறைத் துப்பாக்கிகளில் ஒரு சிறு எஃகுப் பட்டையை ரிசீவரில் பொருத்தினார்கள். பெர்லினைச் சேர்ந்த ஷிவி என்பவரின் பெயரால் அது அறியப்படுகிறது. இடப்புறத் தகடு தன் இடத்தில் இல்லாவிட்டால் இந்தப் பட்டை சியரை அசைய விடாது.

பிற்காலத்தில் பலர் அந்தப் பட்டையைக் கழற்றி எறிந்துவிட்டார்கள். கழற்றினாலும் அதற்காக இட்ட துளை எஞ்சும். உங்கள் படத்தில் ரிசீவரின் இடப்பக்கம் நிழலில் இருக்கிறது. அந்த இடத்தை அருகில் வைத்து மீண்டும் படம் எடுக்க முடியுமா? துளை இருந்தால் அதன் உட்சுவரையும் காட்டுங்கள். ஏன் என்பதைப் படம் வந்த பிறகு சொல்கிறேன்.

மார்ச் 14

இது சோவியத் படை கைப்பற்றிய துப்பாக்கியாக இருக்கலாம் என்று ஒரு நண்பர் கருதுகிறார். கருதுவதற்குக் காரணம் உண்டு. சோவியத் ஆயுதக் கூடங்களில் கைப்பற்றிய லூகர்களையும், லூகருக்குப் பின் வந்த ஜெர்மானியக் கைத்துப்பாக்கியான பி.38-களையும் பிரித்துக் குவித்து, உப்புக் குளியலில் இட்டு, கிடைத்த பாகங்களைக் கொண்டு கோத்தார்கள். வைக்கோல் நிறம் போய்விடும், பாகங்களின் எண்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாது, மேகசினில் மின்கூர் கொண்டு புதிய எண் கீறியிருப்பார்கள், ரிசீவரின் இடப்பக்கத்தில் பெரும்பாலும் ஒரு எக்ஸ் குறி இருக்கும். பனிப்போர் முடிந்த பிறகு அவை பெருமளவில் அமெரிக்கச் சந்தைக்கு வந்தன. அப்போது இறக்குமதியாளரின் முத்திரையும் சேர்ந்துகொண்டது.

இந்தத் துப்பாக்கியில் எக்ஸ் இல்லை, இறக்குமதி முத்திரை இல்லை, பாகங்கள் ஏறத்தாழ முழுவதும் ஒரே எண். எல்லாவற்றுக்கும் மேலாக 1945-இலிருந்து ஒரே குடும்பத்தில் இருந்திருக்கிறது. எனவே அந்த வழி அடைபட்டது.

கிழக்கு ஜெர்மனியின் ஃபோல்க்ஸ்போலிட்சாய் மறுசீரமைத்தவையும் இதே காரணத்தால் விலகுகின்றன. அவற்றில் அடர்ந்த கறுநீலம், பல நேரங்களில் புதிய குழல், வட்டத்துக்குள் வட்டம் பொறித்த நெகிழிப் பிடிப்பலகை, 2/1001 என்று பொறித்த மேகசின் ஆகியவை சேர்ந்து வரும். அது நேர்மையான, கவனமான வேலை. நான் கையில் எடுத்துப் பார்த்தவற்றில் இயக்கம் மிக மென்மையாக இருந்தது. சந்தையில் அவற்றைத் தாழ்வாகப் பேசுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை.

மார்ச் 15

சிம்சன் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். இதைச் சுருக்கமாகச் சொல்லிக் கடக்க எனக்கு மனம் வரவில்லை.

வெர்சாய்க்குப் பிறகு ரைக்ஸ்வேருக்கு லூகர் தரும் உரிமை, சூல் நகரத்திலிருந்த சிம்சன் நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. பழையவற்றைப் பழுதுபார்த்தார்கள், பிறகு புதியனவும் செய்தார்கள். டாகிளின் (மேலே மடிந்து எழும் பாகத்தின்) மேல் நிறுவனத்தின் பெயரும் சூல் என்ற ஊர்ப்பெயரும் இருக்கும். அவர்களின் பணியைச் சரிபார்த்த ஆய்வாளரின் முத்திரை கழுகின்கீழ் 6. டி.டபிள்யூ.எம். அல்லது எர்ஃபுர்ட் அரசு ஆயுதக் கூடத்தின் ஃபிரேமில் கழுகு 6 முத்திரையோடு ஒரு பாகம் இருந்தால், அது சூல் நகரத்துப் பட்டறை வழியாகச் சென்று வந்தது என்று பொருள். மறுசீரமைப்பின் வரலாற்றை இவ்வளவு தெளிவாகச் சொல்லும் முத்திரைகள் குறைவு.

சிம்சன்கள் யூதக் குடும்பத்தினர். நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் அவர்கள்மீது பொய்க் குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டன. துரிங்கியாவின் கட்சித் தலைவராயிருந்த ஃப்ரிட்ஸ் சாக்கல் அந்த நிறுவனத்தைப் பறித்துக்கொண்டார். அதுவே பின்னர் குஸ்ட்லோஃப் தொழிற்சாலைகளாயிற்று. குடும்பத்தினர் 1936-இல் சுவிட்சர்லாந்து வழியாகத் தப்பி அமெரிக்கா வந்தனர். சாக்கல் 1946-இல் நூரம்பர்க்கில் தூக்கிலிடப்பட்டார். ஒரு டாகிளின் மேல் அந்தப் பெயரைப் பார்க்கும்போது விலைப்பட்டியலை மட்டும் நினைப்பது போதாது என்பது என் கருத்து.

அதே சூல் நகரத்தின் க்ரீக்ஹாஃப் நிறுவனம் 1935-இல் விமானப்படைக்குப் பத்தாயிரம் லூகர்கள் செய்யும் ஒப்பந்தத்தைப் பெற்றது. எண்ணிக்கை குறைவு, விலை மிக அதிகம். ஆகவே போலிகள் அங்கேதான் குவிகின்றன. வேறொரு நிறுவனத்தின் டாகிளை மழித்து க்ரீக்ஹாஃபின் நங்கூர அடையாளத்தைப் பொறிப்பார்கள். முன் டாகிளின் தடிப்பு, மழிக்காத நடுப்பாகத்தைவிடக் குறைந்திருக்கிறதா என்று அளந்து பார்ப்பது நல்லது.

மார்ச் 15, பிற்பகல்

எர்ஃபுர்ட் எப்படித் தெரியும் என்று கேட்டவருக்கு: டாகிளின் மேல் கிரீடமும் எர்ஃபுர்ட் என்ற பெயரும் இருக்கும். அரசு ஆயுதக் கூடம் என்பதால் ஆய்வாளர்கள் கண்ணில்பட்ட சிறு பாகங்களில் எல்லாம் கிரீடமும் எழுத்தும் அடித்திருப்பார்கள். முத்திரையே இல்லாத மழுமழுப்பான எர்ஃபுர்ட் பாகம் என்றால் பாகம் மாறியிருக்கிறது அல்லது மெருகு தின்றிருக்கிறது.

மார்ச் 17

குழல் நீளத்தைக் குறித்து. தரைப்படையின் சாதாரண லூகரான பி.08-க்கு 100 மில்லிமீட்டர், கடற்படைக்கு 150, பீரங்கிப்படைக்கு 200. பீரங்கிப்படை லூகரின் குழல்மேல் 800 மீட்டர்வரை குறிக்கும் சாய்குறி பொருத்தப்பட்டிருக்கும். அந்தக் குறிக்கு இடம்விட ரிசீவரின் முன்பகுதியில் ஒரு வெட்டு உண்டு. போருக்குப் பின் நீளக்குழல்களை அகற்றிக் குட்டைக் குழல் பொருத்தினார்கள். குழல் மாறினாலும் வெட்டு மறையாது. 100 மில்லிமீட்டர் குழலும் வெட்டுள்ள ரிசீவரும் சேர்ந்து வந்தால் அது முன்னாளில் பீரங்கிப்படையில் இருந்தது.

இதை எதிர்த்திசையிலும் பயன்படுத்தலாம். வெட்டில்லாத ரிசீவரில் பீரங்கிப்படையின் 200 மில்லிமீட்டர் குழல் இருந்தால், அது எவரோ அண்மையில் விலை உயர்த்தச் செய்தது.

மார்ச் 18

லூகரில் ‘ஜெர்மனி’ என்று ஆங்கில எழுத்துகளில் பொறித்திருந்தால், அது அமெரிக்க இறக்குமதிக்காக 1920-களில் செய்த வணிகத் துப்பாக்கியாக இருக்க வாய்ப்பு மிகுதி. பொருள் பிறந்த நாட்டைக் குறிக்க வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் கேட்டது. அவற்றில் பெரும்பாலானவை 7.65 மில்லிமீட்டர்.

மார்ச் 20

மவுசரின் இன்னொரு கைத்துப்பாக்கியான சி96 வைத்திருக்கும் நண்பருக்கு. உங்கள் படத்தில் குழல் 99 மில்லிமீட்டர், பின்குறி நிலையானது, பிடிப்பலகையில் மங்கலான சிவப்பு 9. இது மிகச் செறிவான வரலாறு கொண்ட பொருள்.

1916-இல் பிரஷ்யப் படை லூகர்கள் போதாமல் மவுசரிடம் 9 மில்லிமீட்டர் சி96 துப்பாக்கிகளை 150,000 என்ற எண்ணிக்கையில் கேட்டது. போர் முடியும்வரை அவ்வளவும் வந்து சேரவில்லை. அதற்கு முன் இருந்தவை 7.63 மில்லிமீட்டர் என்பதால், தோட்டா மாறிவிடாமலிருக்கப் பிடிப்பலகையில் பெரிய 9 செதுக்கிச் சிவப்பு தீட்டினார்கள். சுத்தியலின் பின்புறத்தில் என், எஸ் என்னும் எழுத்துகள் பின்னியிருக்கும், அது புதிய பாதுகாப்பு அமைப்பைக் குறிக்கும். வெர்சாய்க்குப் பிறகு 140 மில்லிமீட்டர் குழலை 99-ஆக அறுத்து, நகரும் பின்குறியை எடுத்துவிட்டு நிலைக்குறி வைத்தார்கள். உங்களுடையது அவ்வாறு செய்யப்பட்டது. சிலர் இவற்றின் குழலை மறுபடி நீட்டி, பின்குறி பொருத்தி ‘அசலாக’ மாற்றுகிறார்கள். அப்படிச் செய்ய வேண்டாம். அறுத்த குழல்தான் அந்தத் துப்பாக்கி 1920-ஐக் கடந்து வந்ததற்கான சான்று.

மார்ச் 21

பிறப்பிடம் என்பதே சில நேரங்களில் எளிதன்று என்பதற்கு மூன்று எடுத்துக்காட்டுகள்.

டச்சுக் கிழக்கிந்தியப் படைக்கு 1920-களின் தொடக்கத்தில் பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனம் 6,000 லூகர்களை வழங்கியது. டாகிளில் விக்கர்ஸ் என்றிருக்கும், பாகங்களைச் செய்தது டி.டபிள்யூ.எம். பாதுகாப்பு நெம்புகோலருகே ‘ரஸ்ட்’ என்னும் டச்சுச் சொல் இருக்கும். வெப்பமண்டலத்து ஈரத்தில் குழல்கள் அரித்துப்போகவே, பிறகு புதிய குழல்கள் ஆண்டு பொறித்துப் பொருத்தப்பட்டன. ஜாவாவின் மழையைத் தாங்கியதை அறிந்தால், அந்தக் குழலின் ஆண்டு துப்பாக்கியின் ஆண்டோடு பொருந்தவில்லையே என்று எவரும் குறை சொல்லமாட்டார்கள்.

ஃபின்லாந்து 1923-ஆம் ஆண்டு மாதிரி என்ற பெயரில் டி.டபிள்யூ.எம்.-இடம் 7.65 மில்லிமீட்டர் லூகர்களை வாங்கியது. ஒரு சதுரத்துக்குள் எஸ்.ஏ. என்ற எழுத்துகள் இருந்தால் அது ஃபின்லாந்துப் படையின் உடைமை. குழலில் டிக்கா என்னும் ஃபின்லாந்து நிறுவனத்தின் பெயர் இருந்தால் அங்கே மாற்றியது.

மூன்றாவது பி.38. எஸ்.வி.டபிள்யூ. 45 என்ற குறி ஓபர்ன்டார்ஃப் மவுசருடையது. 1945-இன் முதல் மாதங்களில் ஜெர்மானியருக்காகச் செய்தவற்றில் ஜெர்மானிய ஆய்வாளரின் கழுகு 135 முத்திரை இருக்கும். ஏப்ரலில் பிரெஞ்சுப் படை ஊரைப் பிடித்துக்கொண்டு, அதே தொழிலாளர்களையும் அதே பாகங்களையும் கொண்டு உற்பத்தியைத் தொடர்ந்தது. அவற்றில் ஐந்துமுனை விண்மீன் இருக்கும். சாம்பல் நிறத்தால் சேகரிப்பாளர்கள் அவற்றைச் சாம்பல் பேய் என்கிறார்கள். ஆலை ஒன்று, குறி ஒன்று, கொடி மட்டும் வேறு.

மார்ச் 24

துளையின் படம் வந்துவிட்டது. நான் எதிர்பார்த்ததைவிடத் தெளிவாக இருக்கிறது.

ரிசீவரின் இடப்பக்கத்தில் துளை உண்டு. ஆக, 1930-களில் காவல்துறை பாதுகாப்புப் பட்டையைப் பொருத்தியிருக்கிறது. முன்பட்டையில் கண்ட எஸ் எழுத்துக்கு இது இரண்டாவது சாட்சி. அதைவிட முக்கியமானது, துளையின் உட்சுவர் கறுநீலமாக இருக்கிறது. பட்டை பொருத்தியிருந்தபோது அதன் தறையாணி அந்தத் துளையை நிறைத்துக்கொண்டிருந்திருக்கும், நிறம் உள்ளே ஏற வழியில்லை. ஆகவே பட்டையைக் கழற்றிய பிறகே நிறமேற்றினார்கள். பட்டையைக் கட்டாயமாக்கிய காவல்துறை தன் பட்டறையில் அதைக் கழற்றிவிட்டு நிறமேற்றியிருக்கும் என்று கொள்வதற்கில்லை. அவ்வாறு செய்திருந்தால் ஆய்வாளர் முத்திரை ஒன்று புதிய நிறத்தின்மேல் வெளிறிய வளையத்தோடு நிற்க வேண்டும். அப்படி ஒன்றும் இல்லை.

எனவே நிறமேற்றியது 1945-க்குப் பிறகு, அமெரிக்காவில், தனியார் ஒருவர். நினைவுப் பொருளாகக் கொண்டுவந்தவற்றைப் பளபளக்கச் செய்து வைக்கும் வழக்கம் அக்காலத்தில் பரவலாக இருந்தது. நிக்கல் முலாம் பூசியவர்களும் உண்டு. தாத்தாவோ அவருக்காக உள்ளூர்த் துப்பாக்கிப் பட்டறைக்காரர் ஒருவரோ நல்லெண்ணத்தோடு செய்திருக்கலாம். குடும்பத்தில் எவரும் அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வியாபாரி கூறிய ‘1920 தொழிற்சாலைப் புதுப்பிப்பு’ என்பதற்கு எங்கும் ஆதாரமில்லை. அந்தச் சொல்லை நம்பி அதற்கான விலையை எவரேனும் கொடுத்தால் அவர் ஏமாற்றப்படுகிறார். இதில் எனக்குக் கோபமே உண்டு. சொல்லாமல் மறைத்த புது நிறம் ஒரு பொய். சொல்லிவிற்றால் அதில் பிழையில்லை.

மார்ச் 25

வைக்கோல் நிறத்தை மீட்டுத் தரும் ஒருவரிடம் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பதே என் பரிந்துரை. விசையைச் சூடேற்றி மஞ்சள் படலம் வரவழைப்பது கடினமன்று. ஆனால் அழிந்த கழுகின் சிறகை எவராலும் மீட்க முடியாது. மஞ்சள் விசையும் மங்கிய கழுகும் ஒன்றாக நின்றால் அடுத்த தலைமுறையில் பார்ப்பவர் குழம்புவார். மெல்லிய எண்ணெய், ஈரமில்லாத அலமாரி, தோலுறைக்குள் வைக்காமல் தனியே வைப்பது ஆகியவை போதும். தோல் ஈரத்தையும் அமிலத்தையும் பிடித்துவைத்து எஃகை அரிக்கும்.

குடும்பக் குறிப்பேட்டில் இப்படி எழுதிவைக்கலாம் என்று நினைக்கிறேன்: ‘டி.டபிள்யூ.எம்., பெர்லின், 1917. 1920-இல் அரசு உடைமை முத்திரை. பின்னர் சீருடைக் காவல்துறையில் பயன்பாடு, 1930-களில் சியர் பாதுகாப்புப் பட்டை பொருத்தப்பட்டு, பிறகு அகற்றப்பட்டது. 1945-இல் ஜெர்மனியிலிருந்து கொண்டுவரப்பட்டது. அதன்பின் தனியார் கையால் மெருகிட்டு உப்புக் குளியலில் நிறமேற்றப்பட்டது. இடப்புறத் தகடு வேறு துப்பாக்கிக்குரியது.’

மார்ச் 26

தாத்தாவின் காகிதங்களுக்குள் தேடிப்பாருங்கள். போர் நினைவுப் பொருளைக் கொண்டுசெல்ல மேலதிகாரி கையொப்பமிட்ட அனுமதிச் சான்று ஒன்றைப் படைவீரர்களுக்குக் கொடுத்தார்கள். சிலவற்றில் வரிசை எண்ணையும் குறித்திருப்பார்கள். தோலுறையும் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அதன் மூடியின் உட்புறத்திலும் பின்புறத்திலும் செய்தவர் பெயரும் ஊரும் ஆண்டும் அழுத்தியிருக்கக்கூடும். மேகசினின் மரக்கட்டையில் வேறு எண் இருப்பதால், உறையிலுள்ள துணை மேகசின் பையையும் திறந்து பாருங்கள். துப்பாக்கிக்கே உரிய மேகசின் அங்கே இருந்தால் அதன் அடியைப் படம் எடுத்து அனுப்புங்கள்.